இளவரசியும் மெய்க்காவலனும்: கடைசி அத்தியாயம் ஏன் கசக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அசோக் நகரில் மாதம் ஒருமுறை கூடும் ஒரு வாசகர் வட்டம். இந்த மாதம் எடுத்துக்கொண்டது ஒரு சரித்திரக் காதல் நாவல். சோழர் காலம், ஒரு சிற்றரசனின் மகளைக் கல்யாணத்துக்காகத் தஞ்சைக்கு அனுப்புகிறார்கள். அவளைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்க ஒரு மெய்க்காவலன் கூடவே போகிறான். வழியில் இருவருக்கும் காதல். கடைசி அத்தியாயத்தில் அவன் சின்ன வயதில் காணாமல் போன பாண்டிய இளவரசன் என்று தெரிகிறது, கல்யாணம் நடக்கிறது, சுபம்.

வட்டத்தில் நாலு கட்சி. "இதெல்லாம் அந்தக் காலத்தில் நடக்கவே நடக்காது" என்றார் ஒருவர். "காவலுக்குப் போனவன் காதலித்தால் வேலையை யார் பார்ப்பது?" என்று கேட்டார் ஓய்வு பெற்ற ஒரு காவல்துறைக்காரர். "இளவரசி ஆசைப்பட்டால் அவனால் மறுக்க முடியுமா? இது காதலா, உத்தரவா?" என்பது ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு இளம்பெண்ணின் கேள்வி. மீதிப் பேர் முடிவைப் பற்றியே சண்டை போட்டார்கள். பாதிப் பேருக்குக் கண்ணீர் வந்தது, பாதிப் பேர் ஏமாந்ததாக நினைத்தார்கள். யார் சொல்வது சரி, இந்த மாதிரிக் கதையை எதை வைத்து மதிப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல வருடம் மேற்கு மாம்பலத்தில் வாடகை நூலகம் நடத்தியவள். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்புகளுக்குத்தான் அங்கே எப்போதும் கிராக்கி, அதிலும் சரித்திரக் கதைகளுக்கு ஆள் காத்துக்கொண்டே இருக்கும். புத்தகத்தைத் திருப்பித் தரும்போது நின்று பேசிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. பக்க ஓரத்தில் பென்சிலால் ஆசிரியரோடு சண்டை போட்டிருப்பவர்களும் உண்டு. உங்கள் வட்டத்தில் வந்த கருத்துகளில் மூன்றை அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறேன். அந்த இளம்பெண் கேட்டதை மட்டும் அப்போது யாரும் கேட்டதில்லை.

என் பதிலை முதலிலேயே சொல்கிறேன். முடிவு ஏமாற்றியது என்று சொன்னவர்கள் பக்கம்தான் நான். ஆனால் ஏன் ஏமாற்றியது என்பதற்கான முழுக் காரணம் அந்தக் காவல்துறைக்காரர் கேட்ட கேள்வியில் இருக்கிறது. அதை எல்லாரும் சிரித்துக்கொண்டே கடந்துபோயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் ஊர் வரலாற்றில் மெய்க்காவலன் என்பவன் யார் என்று பாருங்கள். சோழர் படையில் வேளைக்காரர் என்று ஒரு வகுப்பு. ஆபத்து வந்தால் அரசனுக்காக உயிரைக் கொடுப்பதாகச் சத்தியம் செய்தவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேளைக்காரப் படைப் பிரிவுகளின் பெயர்கள் வருகின்றன. பெயரிலேயே ராஜராஜனின் பட்டப்பெயர்கள் ஒட்டியிருக்கும். பாண்டியர் பக்கம் ஆபத்துதவிகள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் கிழக்குக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனுக்கு நெருக்கமான காவலர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசனோடு சேர்ந்து குதிரையில் போவார்கள், நாட்டில் அவர்களுக்குப் பெரிய செல்வாக்கு, அரசன் இறந்து சிதை எரியும்போது அவர்களும் அந்த நெருப்பில் விழுவார்கள் என்கிறார். கர்நாடகத்து ஹொய்சளர் நாட்டில் இப்படிப்பட்டவர்களுக்குக் கருடர்கள் என்று பெயர். 1220 வாக்கில் இரண்டாம் வீர வல்லாளன் இறந்தபோது, குவர லட்சுமன் என்ற அவனுடைய தளபதி, மனைவியோடும் தன் வீரர்களோடும் உயிரை விட்டான். ஹளபேட்டில் அதைச் சொல்லும் கல்வெட்டுத் தூண் இன்றைக்கும் நிற்கிறது.

அப்படியென்றால் நாவலில் வருகிற மெய்க்காவலன் வெறும் சம்பள ஆள் இல்லை. அவன் உயிர் ஏற்கெனவே இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதை இளவரசிக்குக் கொடுக்க அவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? இந்தக் கதையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். அவன் அவளைப் பார்க்கும் ஒவ்வொரு நொடியும் புதரைப் பார்க்காத நொடி. அவளைக் காதலிக்கக் காதலிக்க அவளைக் காப்பாற்றும் திறமை குறையும். அந்தக் காவல்துறைக்காரர் தன் அனுபவத்தில் தெரிந்துகொண்டு கேட்டது இதைத்தான்.

சத்தியம் செய்த காவலர்கள் அதை மீறியதும் உண்டு. இலங்கையில் முதலாம் விஜயபாகுவிடம் வேளைக்காரப் படை இருந்தது. 11ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சோழர் மேல் படையெடுக்க அவன் உத்தரவிட்டபோது, தங்கள் இனத்தாரோடு சண்டை போட மாட்டோம் என்று அவர்கள் கிளர்ந்தார்கள். தளபதிகளைக் கொன்று, அரண்மனைக்குத் தீ வைத்து, அரசனின் தங்கை மித்தாவையும் அவளுடைய மூன்று மகன்களையும் பிடித்துக்கொண்டார்கள் என்று இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. கிளர்ச்சியை அடக்கிய அரசன் தலைவர்களைக் கொடூரமாகத் தண்டித்தான். அதே வேளைக்காரர்கள் பிறகு பொலன்னறுவையில் புத்தரின் பல் வைத்த கோயிலைக் காப்பதாகத் தமிழிலேயே கல்வெட்டு வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். காப்பாற்ற வந்தவர்கள் கையில் ஓர் இளவரசி சிக்கிய நிஜச் சம்பவம் இது. நாவலாசிரியர்கள் இதை ஏன் தொடவில்லை என்று எனக்குப் பல நாள் ஆதங்கம். மித்தாவைக் காவல் காத்த வேளைக்காரன் ஒருவன் அந்த இரவில் என்ன செய்திருப்பான் என்று யோசித்தாலே ஒரு முழு நாவல் கிடைக்கும்.

சரி, "நடக்கவே நடக்காது" கட்சிக்கு வருவோம். இவர்கள் சொல்வதில் பாதி சரி. அரண்மனைக்குள், அந்தப்புரத்தில், வாள் ஏந்திய வாலிபன் ஒருவன் இளவரசியின் அறை வாசலில் நிற்பது நம்ப முடியாததுதான். அர்த்தசாஸ்திரத்தைப் பாருங்கள்: அரசன் படுக்கையிலிருந்து எழுந்ததும் முதலில் சூழ்ந்து நிற்பது வில்லேந்திய பெண்கள். மௌரியர் அரசவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸும் அரசனின் மெய்க்காவல் பெண்கள் கையில் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப்புரத்துக்குள் நடமாட விட்டது வயதானவர்களையும் பெண்களையும்தான். ஆகவே அந்தப்புர ஜன்னலில் தொடங்கும் காவலன் காதல் கதைகளை நானும் நம்புவதில்லை. ஆனால் உங்கள் நாவல் பயணத்தில் நடக்கிறது. பெருவழியில், காட்டில், ஆற்றங்கரையில் நெருக்கம் உண்டாக வழி இருக்கிறது. இடத்தை ஆசிரியர் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஒரே ஒரு குறை. நீங்கள் எழுதிய கதைச் சுருக்கத்தில் செவிலி என்று ஒருத்தி இல்லவே இல்லை. மணப்பெண்ணாகப் போகும் இளவரசியோடு சிவிகை தூக்குகிறவர்கள், தோழிகள், எல்லாருக்கும் மேலே செவிலித்தாய் என்று ஒரு கூட்டமே போகும். சங்கப் பாட்டில் மகள் காதலனோடு போய்விட்டால் பாலை வழியில் தேடிக்கொண்டு நடப்பவளே செவிலிதான். அவளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் காதலுக்கு வழி சுலபமாகிறது, ஆனால் காதலுக்கு எதிரே நிற்க ஆளே இல்லாமல் போகிறது. அந்தச் செவிலி இருந்து, முதலில் கண்டுபிடித்து, இரண்டு நாள் தெரியாத மாதிரி இருந்து, மூன்றாம் நாள் இளவரசியிடம் பேசியிருந்தால் அந்தக் காட்சி ஒன்றே நாவலைத் தூக்கி நிறுத்தியிருக்கும்.

அரச குடும்பத்துப் பெண்ணின் கல்யாணம் என்றால் என்ன என்பதையும் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நம்மவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது குந்தவையும் வந்தியத்தேவனும். ராஜராஜனின் அக்காள் குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பது தஞ்சைக் கல்வெட்டிலேயே இருக்கிறது. அது நாவல் மட்டும் கொடுத்த ஜோடி இல்லை. ஆனால் அவர் மெய்க்காவலர் அல்ல, ஒரு பழைய அரச குலத்துத் தலைவர். அடுத்த தலைமுறையைப் பாருங்கள். ராஜராஜனின் மகள், அவளும் குந்தவை, வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்குக் கொடுக்கப்பட்டாள். அவள் மகன் ராஜராஜ நரேந்திரன் ராஜேந்திரனின் மகள் அம்மங்காதேவியைக் கட்டினான். இந்த இருவரின் பிள்ளைதான் 1070இல் சோழ சிம்மாசனம் ஏறிய முதலாம் குலோத்துங்கன். இரண்டு இளவரசிகளின் கல்யாணம் ஒரு பேரரசின் வாரிசையே மாற்றியிருக்கிறது. அவர்களில் ஒருத்தி வேங்கிக்குப் போகும் வழியில் காவலனோடு போயிருந்தால் குலோத்துங்கனே இல்லை. இளவரசி காவலனைத் தேர்ந்தெடுக்கும்போது தன் சந்தோஷத்தை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை, ஒரு உடன்படிக்கையைக் கிழிக்கிறாள். அப்புறம் அந்த எல்லையில் எந்த ஊர் எரியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் நாவலில் தஞ்சையில் காத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் கடைசியில் கைதட்டி ஆசீர்வதிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கோபப்படக்கூட யாரும் இல்லையா?

இன்னொரு விஷயம். பெண் மேலே, ஆண் கீழே என்பது நம் இலக்கணத்துக்கே ஒத்துவராத ஜோடி. தலைவனும் தலைவியும் பிறப்பு, குடிமை, திரு என்று பத்து விஷயங்களில் ஒத்திருக்க வேண்டும் என்கிறது தொல்காப்பியம். தலைவன் உயர்ந்தவனாக இருந்தால் தடை இல்லை என்று அதுவே சலுகையும் கொடுக்கிறது. தலைவி உயர்ந்தவளாக இருந்தால் என்ன என்று அது பேசவில்லை. அடியவர்களும் ஏவல் செய்கிறவர்களும் காதலித்தால் அதற்கு ஒத்த காதலைச் சொல்லும் அன்பின் ஐந்திணைக்கு வெளியேதான் இடம். இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2019 மே மாதம் தாய்லாந்து மன்னர் தன் மெய்க்காவல் படையின் துணைத் தலைவியாக இருந்த பெண்ணை மணந்து ராணி ஆக்கினார்; சம்பிரதாயமாக எல்லாம் நடந்தது. மொனாக்கோ இளவரசி ஸ்டெஃபானி தன் மெய்க்காவலரை 1995இல் மணந்து அடுத்த வருடமே பிரிந்தபோது ஐரோப்பியப் பத்திரிகைகள் அதைத் தின்று தீர்த்தன. மன்னன் கீழே இறங்கி வந்தால் பெருந்தன்மை, இளவரசி இறங்கி வந்தால் பேச்சு. இந்தக் கதை வகையைப் பெண்கள் இவ்வளவு ஆசையாகப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். யாரைக் கட்ட வேண்டும் என்று ஊரே முடிவு செய்துவிட்ட ஒருத்தி, தானே ஒருவனைப் பார்த்து "இவன்" என்கிறாள். என் நூலகத்துக்கு வந்த பெண்களில் பலர் அப்படிச் சொல்லக் கிடைக்காதவர்கள். அவர்கள் கண்ணீரை மலிவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அந்த இளம்பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். "அவனால் மறுக்க முடியுமா?" ரொம்பச் சரியான கேள்வி. ஆனால் மறுபக்கமும் உண்டு. நடுக்காட்டில் வாள் அவன் கையில்தான் இருக்கிறது. உயிரோடு ஊர் போய்ச் சேர அவளுக்கு அவன் வேண்டும். அவள் உத்தரவு போடுகிறவள், அவன் ஆயுதம் வைத்திருப்பவன். இருவருமே சுதந்திரமாக "மாட்டேன்" என்று சொல்ல முடியாத நிலை. டெல்லியை 1236 முதல் 1240 வரை ஆண்ட ரஸியா சுல்தானாவையும் அபிசீனியரான யாகூத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். யாகூத் குதிரை லாயத்தின் தலைவர். யாகூத்துக்குக் கிடைத்த செல்வாக்கு துருக்கியப் பிரபுக்களைக் கொதிக்க வைத்தது என்பதே அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் சொல்வது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து எழுதியவர்கள்தான் அதைக் கள்ளக் காதலாக ஊதினார்கள். காதல் இருந்ததோ இல்லையோ, யாகூத் கொல்லப்பட்டார், ரஸியா சிம்மாசனத்தை இழந்தார். ஒரு பெண் ஆட்சி செய்தால் அவள் பக்கத்தில் நிற்கும் ஆணைப் பற்றிய பேச்சே ஆயுதமாகிவிடும்.

அதனால் நல்ல ஆசிரியர் என்றால் இருவரும் மறுப்பதற்கு ஓர் இடத்தைக் கதைக்குள் கட்டித் தர வேண்டும். ஒரு ஊரில் தங்கும்போது அவன் காவல் படைத் தலைவனிடம் போய், "என்னை இந்தக் காவலிலிருந்து மாற்றிவிடுங்கள்" என்று கேட்கலாம். காரணம் சொல்லாமல் கேட்க வேண்டும். தலைவன் புரிந்துகொண்டு மாற்றலாம், புரியாமல் திட்டலாம். மாற்றிவிட்டால் இன்னும் நல்லது: வேறு காவலன் வந்துவிட்டான், இனி அவளுக்கு இவன் தேவையில்லை, இவனுக்கு அவள் எஜமானியும் இல்லை. அப்போதும் அவள் கூப்பிட்டு அனுப்பினால், அப்போதும் அவன் வந்தால், அது காதல் என்று அந்த இளம்பெண்ணுக்குக்கூடச் சந்தேகம் இருக்காது. உங்கள் நாவலில் இந்தக் காட்சி இல்லை. அவன் ஒரு தடவைகூட விலகப் பார்க்கவில்லை.

கடைசியாக அந்த முடிவு. இந்தக் கதை நமக்குப் புதிதே இல்லை. கூத்து மேடையிலும் உடுக்கைப் பாட்டிலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டதுதான், மதுரை வீரன் கதை. பாளையக்காரர் பொம்மண்ண நாயக்கரின் மகள் பொம்மி பெரியவளாகிறாள். வழக்கப்படி ஊருக்கு வெளியே குடிசை கட்டி அவளைத் தனியே வைக்கிறார்கள். காவல் பொறுப்பு செருப்புத் தைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த சின்னானுக்கு. மழை கொட்டுகிறது, சின்னானுக்கு முடியவில்லை, வளர்ப்பு மகன் வீரன் அவனுக்குப் பதிலாகக் காவலுக்குப் போகிறான். அங்கே காதல். இருவரும் ஊரை விட்டுப் போகிறார்கள், துரத்தி வந்த பொம்மண்ணன் சண்டையில் சாகிறான். அப்புறம் வீரன் மதுரையில் திருமலை நாயக்கரிடம் தளபதியாகிறான். வெள்ளையம்மாளோடு தொடர்பு, பழி, மாறுகால் மாறுகை வாங்கச் சொல்லி உத்தரவு. பொம்மியும் வெள்ளையம்மாளும் அவனோடு உயிரை விடுகிறார்கள். இன்றைக்கும் மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தின் பக்கத்தில் அவனுக்குச் சந்நிதி இருக்கிறது. 1956இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் பத்மினியும் நடித்துப் படமாக வந்தபோது தமிழ்நாடே பார்த்தது.

இந்தக் கதையிலும் "அவன் உண்மையில் ராஜா பிள்ளை" என்ற பகுதி இருக்கிறது. காசி ராஜாவுக்குப் பிறந்தவன், கொடி சுற்றிப் பிறந்ததால் குடும்பத்துக்கு ஆகாது என்று காட்டில் விட்டுவிட்டார்கள், சின்னான் எடுத்து வளர்த்தான் என்று பாட்டு தொடங்கும். கீழ்ச் சாதிக்காரன் பாளையக்காரர் மகளைக் கட்டியதைப் பொறுக்க முடியாதவர்கள் பின்னால் ஒட்டவைத்த பகுதி இது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டில் அந்த ரகசியம் கேட்கிறவர்களுக்கு முதலிலேயே தெரியும், ஆனால் அது வீரனை எங்கேயும் காப்பாற்றுவதில்லை. பொம்மண்ணன் முன்னால் யாரும் வந்து "இவன் காசி இளவரசன்" என்று சொல்லிச் சண்டையை நிறுத்தவில்லை. கையும் காலும் போகும்போது ராஜ ரத்தம் உதவவில்லை. காவலனாக இருந்துகொண்டு ஆசைப்பட்டதன் விலையை அவன் கட்டியே தீர்க்கிறான். பொம்மியும் கட்டுகிறாள்.

உங்கள் நாவலில் அதே ரகசியம் கடைசியில் வந்து எல்லாக் கடனையும் தள்ளுபடி செய்துவிடுகிறது. சத்தியத்தை மீறியது தப்பில்லை, அவன்தான் இளவரசனாயிற்றே. உடன்படிக்கை கிழியவில்லை, பாண்டிய சம்பந்தம் இன்னும் பெரிதாயிற்றே. அவள் எடுத்த துணிச்சலான முடிவு மட்டும் ஒன்றுமில்லாமல் போகிறது. காவலனைத் தேர்ந்தெடுத்தாள் என்று நம்பி முந்நூறு பக்கம் கூடவே நடந்தோம். கடைசியில் அப்பா பார்த்திருந்தாலும் இந்த மாப்பிள்ளையைத்தான் பார்த்திருப்பார் என்று ஆகிவிட்டது. ஏமாந்த உணர்வு வந்தவர்களுக்கு வந்த காரணம் இதுதான். கல்யாணத்தில் முடித்தது பிரச்சினை இல்லை. காவலனாகவே அவன் அவளைக் கட்டிக்கொண்டு, இருவரும் எங்கோ ஒரு சின்ன ஊரில், தேடி வரும் ஆட்களுக்குப் பயந்து, ஆனாலும் சந்தோஷமாக வாழ்ந்திருந்தால் நான் முழு மனதோடு ஏற்றுக்கொண்டிருப்பேன்.

வட்டத்துக்கு ஒரு யோசனை. அடுத்த மாதம் மதுரைவீரசாமி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்துப் புத்தகமாகச் சென்னையில் அச்சாகி ஊர் ஊராகப் போன பாட்டு. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், பழைய புத்தகக் கடைகளிலும் கண்ணில் படும். குடிசைக் காவல் பகுதியைச் சத்தமாகப் படியுங்கள், சத்தமாகப் படிக்கத்தான் அது எழுதப்பட்டது. படித்து முடித்ததும் அந்தக் காவல்துறைக்காரரை முதலில் பேசச் சொல்லுங்கள். மழையில் அப்பாவுக்குப் பதிலாகக் காவலுக்குப் போன அந்தப் பையனைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.